மணிக்கட்டு மட்டும் ஆடினால் போதுமா?

சென்ற கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினொரு வயது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பழைய துண்டில் சுற்றிய கேம் கன்சோல். "மாமா, உங்க டிவியில எச்டிஎம்ஐ போர்ட் இருக்கா?" என்பதுதான் வாசற்படியில் நின்று அவள் கேட்ட முதல் கேள்வி.

அந்தச் சமயத்தில் என் நிலைமை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. இந்த எண் 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5-ஐத் தொட்டால் நோய். அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் இரண்டை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் நான். எனவே அந்த 6.1 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. டாக்டர் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். நானும் சரி என்றேன். மே மாத வெயில், காலையில் எழுந்திருக்க முடியாமை, தெருமுனை நாய்கள் என்று நடக்காமல் இருப்பதற்கு என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மாதத்தில் மொத்தம் நாலு நாள் நடந்திருப்பேன்.

இவள் கொண்டுவந்தது ஒரு நடன விளையாட்டு. டிவியில் ஒருவர் ஆடுவார். ரிமோட் போன்ற ஒரு சிறு கருவியை வலது கையில் பிடித்துக்கொண்டு நாமும் அதேபோல் ஆட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண் வரும். பாட்டு முடிந்ததும் நட்சத்திரம். "இது எக்சர்சைஸ் மாமா, கேலரி கூட காட்டும்" என்றாள். கலோரியைத்தான் கேலரி என்றாள். நான் திருத்தவில்லை.

நான் வாழ்க்கையில் ஆடியதே கிடையாது. கல்யாண வீடுகளில் பசங்க ஆடும்போது சுவரோரம் நின்று கை தட்டுகிற கட்சி. அதனால் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். டீப்பாயைத் தூக்கி பெட்ரூமில் வைத்தோம். மூன்றரை நிமிடப் பாட்டு. முடிந்தபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்தில் விரல் வைத்து 15 விநாடிக்கு நாடித் துடிப்பை எண்ணினேன். 33. நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 132. வயதை 220-இலிருந்து கழித்தால் உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பார்கள்; எனக்கு 43 வயது, ஆக 177. அதில் 132 என்பது கிட்டத்தட்ட 75 சதவீதம். மிதமான உடற்பயிற்சி என்று சொல்லப்படும் வரம்பின் மேல் விளிம்பு அது. டாக்டர் சொன்ன வேக நடையில்கூட நான் இந்த அளவுக்குப் போனதில்லை.

மதிப்பெண் பலகையில் எனக்கு மூன்று நட்சத்திரம்.

அடுத்தது அவள் முறை. அவள் எழுந்திருக்கவே இல்லை. சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே வலது கையை மட்டும் அங்கே இங்கே வீசினாள். நான்கு நட்சத்திரம். "நீங்க ரொம்ப ஆடுறீங்க மாமா. கையை மட்டும் ஆட்டுங்க, போதும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை பிறந்தது அந்த ரோஷத்தில்தான். ஆடியவனுக்கு மூன்று, முறுக்குத் தின்றவளுக்கு நான்கு என்றால் இந்தப் பெட்டி எதைத்தான் அளக்கிறது?

கையில் இருக்கும் கருவிக்குள் முடுக்கமானி என்று ஒரு சில்லு இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு டவுன் பஸ் போதும். நின்றுகொண்டே பயணம் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயும், கிளப்பினால் பின்னால் சாயும், வளைவில் பக்கவாட்டில் சாயும். வேகம் மாறும் ஒவ்வொரு கணமும் உங்களுக்குத் தெரியும். ஆனால் பஸ் எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்பது தெரியாது. சீரான வேகத்தில் போனால் போகிறதா நிற்கிறதா என்பதே, குலுக்கல் இல்லையென்றால், தெரியாது. முடுக்கமானி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அந்தப் பயணிதான். சில்லுக்குள் மயிரிழை போன்ற சிலிக்கான் வில்களில் ஒரு நுண்ணிய எடை தொங்குகிறது. கருவி அசைந்தால் எடை பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்தேக்கும் அளவு மாறும். அதை எண்ணாக மாற்றித் தருகிறது சில்லு.

2006-இல் நிண்டெண்டோ தன் வீ கன்சோலோடு கொடுத்த ரிமோட்டில் இருந்தது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல் 330 என்ற சில்லு. மூன்று அச்சுகளிலும் புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு வரை அளக்கும். வேடிக்கை என்னன்னா, மேசையில் சும்மா வைத்திருந்தாலும் அது பூஜ்யம் காட்டாது. புவியீர்ப்பை எதிர்த்து மேசை தாங்கிக்கொண்டிருப்பதை ஒரு மடங்கு, அதாவது 1 ஜி என்று காட்டும். இதனால் ஒரு நன்மை உண்டு. கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தீமையும் உண்டு. சாய்வது எது, அசைவது எது என்று பிரிப்பது கஷ்டம். பின்னால் வந்த கருவிகளில் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் சேர்ந்து இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைந்தது.

சரி, முடுக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதா? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தூரம். காகிதத்தில் முடியும். ஆனால் சில்லில் நூறில் ஒரு பங்கு ஜி அளவுக்குச் சின்னப் பிழை இருக்கிறது என்று வையுங்கள். அது விநாடிக்கு விநாடி 0.1 மீட்டர் வேகமாகச் சேரும். பத்து விநாடியில் தூரக் கணக்கில் பிழை 5 மீட்டர். அதாவது கருவி அசையாமல் கிடந்தாலும், அது எங்கள் ஹால் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு அடுப்படியில் இருப்பதாகக் கணக்கு வரும். ஒரு பாட்டு மூன்றரை நிமிடம். எங்கே போய் முடியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதனால் விளையாட்டு உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தேடுவதே இல்லை. கையின் முடுக்கம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பாட்டின் ஒவ்வொரு அசைவுக்கும், அதைச் சரியாகச் செய்தால் வளைகோடு எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி ஏற்கெனவே பதிந்திருக்கும். குறிப்பிட்ட கணத்தில் உங்கள் கோடு அந்த மாதிரியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் மதிப்பெண். குட்டையானவர், நெட்டையானவர், ஆறு வயதுக் குழந்தை, அறுபது வயதுப் பாட்டி எல்லோரும் ஆட வேண்டும் என்பதால் இந்த ஒப்பீட்டில் தாராளம் காட்டியே ஆக வேண்டும்.

இப்போது முறுக்கு மர்மம் தெளிந்துவிடும். அவள் உட்கார்ந்த இடத்தில், தாளம் பிசகாமல், கையை மட்டும் சுத்தமாக வீசினாள். அந்த வளைகோட்டில் வேறெதுவும் கலக்கவில்லை. நான் குதித்தேன். குதித்த ஒவ்வொரு முறையும் கால் தரையில் மோதிய அதிர்ச்சி முதுகு, தோள், முழங்கை வழியாகக் கருவிவரை போய்க் கோட்டைக் கலைத்தது. போதாததற்கு, கால் எங்கே வைக்கிறேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஆடியதில் கை அரைத் தாளம் பின்னால் போனது. கருவியின் பக்கமிருந்து பார்த்தால் அவள்தான் நல்ல நடனக்காரி. அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.

ஆனாலும் சந்தேகம் தீராமல், அடுத்த இரண்டு நாள் ஒரே பாட்டை வெவ்வேறு விதமாக ஆடிப் பார்த்தேன். கருவியைப் பிடித்த கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மற்ற உடம்பு முழுவதையும் ஒழுங்காக ஆட்டினேன். மூச்சு வாங்கியது, நட்சத்திரம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு சோபாவில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினேன். நான்கு. நாடி 84. மூன்றாவதாக, கால்களை நிதானமாக வைத்து, குதிக்க வேண்டிய இடத்தில் முழங்காலை மட்டும் மடக்கி நிமிர்ந்து, பார்வையைத் திரையை விட்டு எடுக்காமல் ஆடினேன். நான்கு நட்சத்திரம், நாடி 120. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஒரு ஆள், ஒரு பாட்டு. ஆனால் நட்சத்திரமும் நாடியும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் தனித்தனியாக அலைகின்றன என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்த வகை விளையாட்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் அது குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். ஒவ்வொரு கருவியும் ஆடுகிறவரின் உடம்பில் ஒரு பாகத்தை மட்டும் தொட்டுப் பார்த்தது. 1998-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் பார்த்தது பாதங்களை. தரையில் நாலு திசைக்கும் நாலு அம்புக்குறி. திரையில் வரும் அம்புக்கு ஏற்ப மிதிக்க வேண்டும். கையை என்ன செய்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பின்னாலிருக்கும் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு கால் மட்டும் ஆடுகிறவர்களே அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கால் ஆடினால் உடம்பின் எடை முழுவதும் ஆட வேண்டியிருக்கிறது, அங்கே ஏமாற்று வேலை கொஞ்சம் கடினம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் பிள்ளைகளின் உடல் பருமனைக் கண்டு பயந்து, 2006-இல் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இந்த விளையாட்டை வைக்கத் திட்டம் போட்டது அதை நம்பித்தான்.

அடுத்து வீ ரிமோட். அது பார்த்தது மணிக்கட்டை. பிரான்சின் யூபிசாஃப்ட் 2008-இல் வெளியிட்ட ஒரு முயல் விளையாட்டுக்குள் சின்னதாக ஒரு நடனப் பகுதி இருந்தது. அதைத் தனியாக வளர்த்து 2009-இல் ஜஸ்ட் டான்ஸ் என்று விட்டார்கள். விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. மக்கள் வாங்கித் தள்ளினார்கள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒன்று வீதம் வந்துகொண்டிருக்கிறது. இந்தத் தொடரின் தயாரிப்பில் புனேயில் இருக்கும் அவர்களது ஸ்டுடியோவுக்கும் பங்கு உண்டு. திரையில் ஆடுபவர் வரைந்த பொம்மை அல்ல, உண்மையான நடனக் கலைஞர். அவரைப் படம் பிடித்து, முகத்தை வெளுத்து, உடைகளுக்குப் பளீர் நிறம் ஏற்றி உருவம் மட்டும் தெரியும்படி செய்கிறார்கள். அவர் கண்ணாடி பிம்பம்போல ஆடுவார். அவர் இடது கையைத் தூக்கினால் நீங்கள் வலது கையைத் தூக்க வேண்டும். அந்தக் கையில் ஒரு நிறக் கையுறை இருக்கும். 'நான் பார்ப்பது இந்தக் கையை மட்டும்தான்' என்று விளையாட்டே ஒப்புக்கொள்வது மாதிரி எனக்குப் படும்.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் வந்தது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், உடம்பு முழுவதையும் பார்க்கும் கண். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவும். பக்கத்திலுள்ள கேமரா அந்தப் புள்ளிகள் எவ்வளவு இடம் நகர்ந்து விழுகின்றன என்பதைப் பார்த்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும். அந்த ஆழப் படத்திலிருந்து இது தோள், இது முழங்கை, இது முழங்கால் என்று இருபது மூட்டுகளைப் பிரித்தெடுக்கும். அதனோடு ஹார்மோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டான்ஸ் சென்ட்ரல் விளையாட்டில், நீங்கள் இடது காலைத் தப்பாக வைத்தால் திரையில் ஆடுபவரின் அந்தக் கால் சிவப்பாக ஒளிரும். சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்பதெல்லாம் இங்கே செல்லாது.

அப்படியானால் கினெக்ட் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். ஆரம்பத்தில் அமோகமாக விற்றது. முதல் 60 நாளில் 80 லட்சம். ஆனால் 2017-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். கண்ணை மூடிய பயணியான முடுக்கமானியோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006-இல் வந்த பழைய வீ கன்சோலுக்கு 2019 கடைசியில்கூட ஒரு ஜஸ்ட் டான்ஸ் வெளிவந்தது. கினெக்டின் அந்தக் கண்ணைச் செய்த இஸ்ரேல் நிறுவனமான பிரைம்சென்ஸை 2013-இல் ஆப்பிள் வாங்கியது. 2017-இன் ஐபோன் பத்தில் முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் புள்ளித் தூவல் அதே குடும்பத்து வித்தைதான். உங்கள் நடனத்தைப் பார்க்க வந்த கண் கடைசியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டது.

கினெக்ட் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பல வியாபாரக் காரணங்கள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. வீட்டு அளவில் எனக்குத் தெரியும் காரணங்கள் இரண்டு. ஒன்று, இடம். ஒருவர் ஆடவே கருவியிலிருந்து ஏறத்தாழ 6 அடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் 8 அடி. டீப்பாயைத் தூக்கி, நாற்காலியைக் கவிழ்த்து, சோபாவைச் சுவரோடு தள்ளினால்தான் எங்கள் ஹாலில் அந்த இடம் கிடைக்கும். தினமும் யார் செய்வது? இரண்டாவது, கண்டிப்பு. இது என் சொந்த அபிப்பிராயம். முதன்முதலாக ஆட வருகிறவனிடம், அவன் செய்யும் ஒவ்வொரு தப்பையும் சிவப்பில் காட்டினால் அவன் அடுத்த பாட்டுக்கு நிற்க மாட்டான். நான் நின்றிருக்க மாட்டேன். மணிக்கட்டை மட்டும் பார்க்கும் கருவி என் இடுப்பு வளையாததைப் பார்க்கவில்லை. முழங்கால் மடங்காததையும் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எனக்கு வெட்கம் வரவில்லை. திரையை மூடியதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இப்போது என் அக்கா மகளின் 'கேலரி'க்கு வருவோம்.

பாட்டு முடிந்ததும் திரையில் ஒரு கலோரி எண் வரும். அதைப் பார்த்ததும் எனக்கு எழுந்த கேள்வி எளிமையானது: இதற்கு என் எடையைச் சொல்லவே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்? 50 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே அசைவுக்கு ஒரே அளவு எரிப்பதில்லை. அப்படி வரும் எண் ஒரு சராசரி ஊகம், அவ்வளவுதான். நாமே இதைவிடத் தெளிவாகக் கணக்குப் போடலாம். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் மெட் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பது 1 மெட். அது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. 3 மெட்டிலிருந்து 6 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடும் உழைப்பு. என் எடை 70 கிலோ. நடனத்தை 5 மெட் என்று வைத்தால் அரை மணிக்கு 70-ஐ 5-ஆலும் அரையாலும் பெருக்க, 175 கலோரி. அதில் 35 நான் உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும். ஆக, ஆடியதால் கூடுதலாகப் போனது 140. வடித்த சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி. அரை மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க ஆடியதை இரவில் ஒரு கரண்டிச் சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஈடுகட்டிவிடலாம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று மனசு கொஞ்சம் விட்டுப்போனது உண்மை.

அதற்காக ஆடுவது வீண் என்று அர்த்தமில்லை. சர்க்கரை விஷயத்தில் எடை குறைவது மட்டும் பலன் அல்ல. தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸை இன்சுலினின் தயவு அதிகம் இல்லாமலே இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பின்னும் சில மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாக வசப்படும். அந்த இழுவைக்குப் பெரிய தசைகள் வேலை செய்ய வேண்டும். உடம்பில் பெரிய தசைகள் எங்கே? தொடையிலும் பிட்டத்திலும். கருவி அளக்கும் மணிக்கட்டில் அல்ல. எனக்கு எது தேவையோ அதை இந்த விளையாட்டு பார்ப்பதே இல்லை, பார்ப்பது எதுவோ அதனால் எனக்குப் பெரிய லாபமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் தேடினேன். 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் வீ ஸ்போர்ட்ஸ் விளையாடும்போது, உட்கார்ந்து விளையாடும் வீடியோ கேமைவிட அதிகச் சக்தி செலவாகிறது. ஆனால் நிஜமான டென்னிஸ், குத்துச்சண்டைக்கு ஈடாகாது என்பது அதன் முடிவு. எதிர்பார்த்ததுதான். என்னை யோசிக்க வைத்தது 2012-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வு. ஹூஸ்டன் நகரில் சில குழந்தைகளுக்கு வீ கன்சோலும் உடம்பை அசைத்து ஆடும் விளையாட்டுகளும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே கன்சோலும் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளும். இவ்வளவு நேரம் ஆடு என்று யாருக்கும் கட்டளையில்லை. வாரக்கணக்கில் பார்த்ததில் இரு கூட்டத்துக்கும் மொத்த உடல் உழைப்பில் வித்தியாசமே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உழைப்பை அளக்கப் பிள்ளைகளிடம் கட்டிவிட்டதும் ஒரு முடுக்கமானிதான். மணிக்கட்டில் இல்லாமல் இடுப்பில்.

ஆக, பெட்டியை வாங்கி வீட்டில் வைப்பதால் ஒன்றும் ஆவதில்லை. அரை மனதாகக் கை வீசினாலும் அது பாராட்டும், நாள் போகப்போக நமக்கும் அந்தப் பாராட்டு போதும் என்று ஆகிவிடும். என் விஷயத்திலும் மூன்றாவது வாரம் அதுதான் நடந்தது. ஐந்து நட்சத்திரம் வாங்கும் வழியை உடம்பு தானாகக் கண்டுபிடித்துவிட்டது. கால் நகரவே இல்லை. வியர்வையும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் நாடியை எண்ணிப் பார்த்தால் 92. ஐந்து நட்சத்திரத்தோடு 92! அன்றைக்குத்தான் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து, டிவித் திரையில் மதிப்பெண் வரும் மூலையில் செலோடேப்பால் ஒட்டினேன். "மாமாவுக்குத் தோத்துப்போயிடுவோம்னு பயம்" என்றாள் இவள். இருக்கட்டும்.

மதிப்பெண் மறைந்ததும் மிச்சம் இருந்தது பாட்டும் எதிரே ஆடும் உருவமும்தான். எனக்கு அவை போதுமாக இருந்தன. தாளத்தோடு உடம்பு ஒத்துப்போகும்போது அதே உழைப்பு குறைவான உழைப்பாகத் தோன்றும் என்பது நன்றாகவே ஆராயப்பட்ட விஷயம். இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கரகியோர்கிஸ் என்பவர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்திருக்கிறார். மிதமான பயிற்சியில் இந்தப் பலன் தெரியும். மூச்சுத் திணறும் அளவுக்குப் போனால் உடம்பின் கூப்பாட்டில் பாட்டு காதில் விழாது. எதிரே ஒருவர் ஆடினால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதும் பெரிய சௌகரியம். தனியாக நடக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் 'திரும்பிவிடலாமா' என்று கேட்கும் அந்தக் குரல், பார்த்துப் பார்த்து ஆடும்போது வாயைத் திறக்க நேரம் கிடைக்காமல் போகிறது.

வீட்டில் ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிக்காதீர்கள். முதல் வாரமே என் குதிகால் வலித்தது. கீழ்வீட்டு மாமியும் மேலே வந்து, "அம்மி ஏதாவது கொத்துறேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தடிமனான பாயோ ஷூவோ வேண்டும். குதிப்பதற்குப் பதில் முழங்காலை மடக்கி நிமிர்ந்தால் தொடைக்கு வேலை இன்னும் கூடும், மாமிக்கும் நிம்மதி. கருவியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். இது சும்மா சொல்வதில்லை. வீ வந்த ஒரே மாதத்தில் ரிமோட்டுகள் கை நழுவிப் பறந்து டிவிகளைப் பதம் பார்த்ததில், நிண்டெண்டோ சுமார் 32 லட்சம் கயிறுகளைத் தடிமனாக மாற்றித் தர வேண்டி வந்தது. திரையின் கலோரியை விட்டுவிட்டு, பேசிப் பாருங்கள்: ஆடும்போது ஒரு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது மிதமான உழைப்பு. இருதயக் கோளாறோ முழங்கால் தேய்மானமோ இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜூன் மாதம் பள்ளி திறக்க, அவள் கன்சோலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் இப்போது நடன வீடியோவை டிவியில் போட்டுவிட்டு, கையில் எதையும் பிடிக்காமல், வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆடுகிறேன். அரை மணி நேரம். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஜன்னல் திரையை இன்னும் மூடித்தான் வைக்கிறேன்.

ஆகஸ்டில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 5.9. இதில் நடனத்தின் பங்கு எவ்வளவு, இரவுச் சோற்றைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு, பரிசோதனையிலேயே வரும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்தது நவம்பரில்.